பிளவு உதட்டுக் குழந்தைக்கு வாய்க்குள் பிளேட்: கட்டாயமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

உதட்டிலும் மேல்வாயிலும் பிளவோடு பிறந்த குழந்தைக்கு, ஆபரேஷனுக்கு முன்னால் வாய்க்குள் பிளேட் வைத்து நாலைந்து மாதம் வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டுமா? இந்த ஒரே கேள்வியோடு கடந்த மூன்று வருடத்தில் மூன்று குடும்பங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் என்னிடம் படித்த பெண்கள், ஒருவர் சொந்தம். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஏன் டீச்சரிடம் கேட்கிறார்கள்? டாக்டர் சொன்னது பாதி புரியவில்லை, திரும்பக் கேட்கக் கூச்சம். டீச்சர் திட்டாமல் சொல்லுவார் என்று ஒரு நம்பிக்கை. (திட்டித்தான் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கீழே கமெண்ட் போடப் போகிறீர்கள், தெரியும்.)

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டு 36 வருடம் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலுமே காலம் தள்ளியவள். என் தங்கை மகள் பல் மருத்துவம் படித்தவள். அவளை உட்கார வைத்து, ஆராய்ச்சிக் கட்டுரைகளை எடுத்து விளக்கச் சொல்லி, நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டேன். கீழே உள்ள மருத்துவ விஷயங்கள் அப்படித் தெரிந்துகொண்டவை. கருத்து என்னுடையது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேட் நல்ல சாதனம்தான். சில குழந்தைகளுக்கு நிச்சயம் உதவும். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அது கட்டாயம் கிடையாது. அதை வைக்க முடியாத தாய் தன் பிள்ளைக்குத் துரோகம் செய்தவள் ஆகமாட்டாள். குடும்பத்திடம் இருக்கிற பணமும் தெம்பும் ஓர் அளவுதான் என்றால், அதைப் பிளேட்டில் கரைத்துவிடாமல் அண்ணத்தை மூடும் இரண்டாவது ஆபரேஷனுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் காதுக்கும் மிச்சம் வைக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பிளவைப் பற்றி இரண்டு வார்த்தை. உலகம் முழுவதும் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. அபூர்வமே இல்லை. கரு உண்டான நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மேலுதடு உருவாகிவிடுகிறது. இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து வருகிற திசுக்கள் நடுவில் வந்து சேர வேண்டும். ஆறிலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் அண்ணம், அதாவது மேல்வாய், அதே போலச் சேருகிறது. சேராமல் நின்றுவிட்டால் பிளவு. பரம்பரைக் கூறு, தாய்க்குச் சர்க்கரை நோய், புகையிலை, வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் என்று பல காரணங்கள் சேர்ந்து வரலாம். பல நேரம் இதுதான் என்று ஒரு காரணத்தைக் காட்டவே முடியாது. ஏழாம் மாதத்தில் கிரகணத்தன்று காய் நறுக்கினாள் என்று மருமகளைக் குத்திக்காட்டுகிற பெரியவர்கள் இந்த வாரக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். அவள் அரிவாள்மனையைத் தொடுவதற்குப் பல மாதம் முன்பே குழந்தையின் உதடு முடிவாகிவிட்டது.

இனி பிளேட். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இப்போது செய்வது, மூக்கையும் ஈறு எலும்பையும் சேர்த்து வடிவமைக்கும் முறை. இங்கிலீஷில் நேசோ ஆல்வியோலார் மோல்டிங். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து டாக்டர்கள் சுருக்கமாக 'நாம்' என்கிறார்கள். பெயர்தான் நாம். செய்வது பெரும்பாலும் அம்மா ஒருத்திதான்!

பிறந்த ஓரிரு வாரத்திலேயே குழந்தையின் மேல்வாயை அளவெடுக்கிறார்கள். மூச்சு அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் தயாராக இருக்க வேண்டிய வேலை இது, ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டும். சில இடங்களில் இப்போது ஸ்கேனர் வைத்தே எடுத்துவிடுகிறார்களாம். அந்த அளவுக்கு அக்ரிலிக்கில் ஒரு சின்னப் பிளேட். பல்செட்டின் மேல்பாகம் மாதிரி இருக்கும், ஆனால் பல் இருக்காது. அது நழுவிப் பின்னால் போனாலும் மூச்சுக்கு வழி இருக்க நடுவில் ஒரு துளை. கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டி, சின்ன ரப்பர் வளையம் போட்டு அதை இழுத்துக் கட்டியிருப்பார்கள். இரவு பகல் வாயிலேயே இருக்கும். தினம் கழற்றிக் கழுவி, கன்னத்தைத் துடைத்து, புதுப் பிளாஸ்டர் ஒட்டி மாட்ட வேண்டும். வாரம் ஒரு முறை டாக்டர் பிளேட்டில் ஓர் இடத்தைச் சுரண்டி, இன்னோர் இடத்தில் மெத்தென்ற பொருளை ஏற்றுவார். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த மாட்டார்கள். ஈறுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் ஐந்து மில்லிமீட்டருக்குள் வந்த பிறகு, சப்பையான மூக்குத் துவாரத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு கம்பிக் கொக்கி சேர்ப்பார்கள். மூன்று மாதத்திலிருந்து ஐந்தாறு மாதம் வரை இது நடக்கும். பிறகுதான் உதட்டு ஆபரேஷன்.

பிளேட் வைக்கும் யோசனை புதிதல்ல. 1950-களில் ஸ்காட்லாந்தில் மெக்நீல் என்ற பல் மருத்துவர் தொடங்கியது. பிறகு சூரிச்சில் ஒரு வகை, அமெரிக்காவில் ஊசி வைத்து எலும்போடு பிணைக்கும் லேதம் கருவி என்று பல வந்தன. பிறந்த புதிதில் தாயின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குழந்தையின் உடம்பில் மிச்சம் இருப்பதால் குருத்தெலும்பு இளகி இருக்கும், சொன்னபடி வளையும் என்பதை ஜப்பானில் மட்சுவோ என்பவர் காது மூக்கு இரண்டிலும் செய்து காட்டினார். அதைப் பிளேட்டோடு இணைத்து 1990-களில் நியூயார்க்கில் கிரேசன், கட்டிங் என்ற இருவரும் அவர்கள் குழுவும் உருவாக்கியதுதான் இந்த 'நாம்'. பச்சை மண்பானையைத் தட்டிச் சரி செய்வது போல, சுடுவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்கிற எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

பலன் என்ன? ஆபரேஷன் செய்கிறவருக்கு இடைவெளி குறைந்து வேலை எளிதாகிறது, தையலில் இழுவிசை குறைகிறது. மூக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைவதற்கு, குறைந்தபட்சம் முதல் சில வருடங்களுக்கு, உதவுகிறது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் பதினைந்து வயதில் அந்த முகத்தைப் பார்த்து, இது பிளேட் வைத்த குழந்தை, இது வைக்காத குழந்தை என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு வலுவான ஆதாரம் இன்னும் வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கு ஓரளவு பழையபடி சரிவதும் உண்டு.

நெதர்லாந்தில் 1990-களில் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். மூன்று மையங்கள், 54 குழந்தைகள், எல்லாருக்கும் ஒரு பக்கம் முழுப் பிளவு. சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பிளேட், பாதிப் பேருக்குப் பிளேட் இல்லை. பால் குடிப்பதிலோ எடை ஏறுவதிலோ வித்தியாசம் இல்லை. ஆறு வயது வரை பல் வரிசையின் வளைவை அளந்து பார்த்தார்கள், அதிலும் நிலைத்து நிற்கிற நன்மை தெரியவில்லை. அது மூக்குக் கொக்கி இல்லாத பழைய வகைப் பிளேட் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் இன்றைய முறைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் 'பிளேட் வைத்தால்தான் குழந்தை பால் குடிக்கும்' என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று தைரியமாக நினைத்துக்கொள்ளலாம்.

எனக்கு எல்லாவற்றையும் விட ஆச்சரியம் தந்தது இன்னொரு கணக்கு. 1990-களின் இறுதியில் ஐரோப்பாவில் உள்ள 201 மருத்துவக் குழுக்களிடம், ஒரு பக்கப் பிளவுக்கு நீங்கள் என்ன வரிசையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 194 விதமான பதில்கள்! நான் வினாத்தாள் கொடுத்து 201 பிள்ளைகள் 194 விடை எழுதியிருந்தால் கேள்வியையே ரத்து செய்திருப்பேன். உலகமே ஒரே வழியில்தான் போகிறது, நீங்கள் மட்டும் விலகுகிறீர்கள் என்று யாரும் உங்களைப் பயமுறுத்த முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிளேட்டை விட உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. செய்கிற கை. பிரிட்டனில் 1998-இல் ஓர் ஆய்வுக் குழு பார்த்தபோது 57 இடங்களில் பிளவு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. வருடத்துக்குச் சில குழந்தைகளை மட்டும் பார்க்கிற டாக்டர்கள் நிறையப் பேர், முடிவுகளும் சுமார். 57-ஐ 8 முதல் 15 மையங்களாகக் குறைத்து, அனுபவம் உள்ளவர்களிடம் மட்டும் அனுப்புங்கள் என்று அந்தக் குழு எழுதியது. நம் ஊரில் பிளேட்டைப் பற்றி இரண்டு மாதம் யோசிக்கிற குடும்பம், 'டாக்டர், நீங்க வருஷத்துக்கு எத்தனை குழந்தைக்கு இந்த ஆபரேஷன் பண்றீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. பஸ் டிரைவரிடம் பஸ் எங்கே போகிறது என்று கேட்டுத்தானே ஏறுகிறோம்.

இப்போது அந்த மூன்று குடும்பங்களுக்கு வருகிறேன். பெயர் வேண்டாம்.

ஒருத்தி சென்னையில் இருக்கிறாள். குழந்தைக்கு இரண்டு பக்கமும் பிளவு. நடுவில் இருக்கிற எலும்புத் துண்டு மூக்குக்கு முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. மூக்கின் நுனிக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள சின்னத் தூண் இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குட்டை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி அரை மணி நேரம். அவளுடைய அம்மா கூடவே இருந்தார், வீட்டுக்காரர் லீவு எடுத்தார். இந்த மாதிரி இரட்டைப் பிளவில் பிளேட் நன்றாக உதவும், துருத்திய எலும்பைப் பின்னுக்குக் கொண்டுவரும், அந்தத் தூணைக் கத்தியில்லாமல் நீட்டும் என்று டாக்டர் சொன்னார். "வைம்மா" என்றுதான் நானும் சொன்னேன். ஐந்து மாதம் பொறுமையாகச் செய்தாள். தினம் பிளாஸ்டர் மாற்றும்போது தானும் அழுது குழந்தையும் அழுது, எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் கேட்டாராம். முடிவு அழகாக வந்திருக்கிறது. அந்த முடிவுக்கு அவள் வீட்டில் இருந்த நாலு கைகளும் அரை மணி நேரத் தூரமும் ஒரு காரணம்.

இரண்டாவது பெண் ஒட்டன்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். மூத்த பிள்ளைக்கு மூன்று வயது. பச்சைக் குழந்தைக்கு இடது பக்கம் மட்டும் பிளவு, அண்ணம் வரை. பிளேட் செய்கிற இடம் மதுரையில். போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர். மகளிருக்கு இலவசப் பயணம் எல்லாம் டவுன் பஸ்ஸோடு சரி, மதுரை பஸ்ஸில் டிக்கெட்தான். போனில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பஸ், ஆட்டோ, சாப்பாடு, அவருக்கு அன்றைக்குப் போகிற கூலி எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 1,500 ரூபாய்க்குக் குறையாது. 16 வாரத்துக்கு 24,000. பிளேட் உடைந்தாலோ குழந்தை வளர்ந்து மாற்ற வேண்டி வந்தாலோ அது தனி. வெயில் காலத்தில் வியர்வைக்கு நிற்காத பிளாஸ்டரோடு, ஆறு வாரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்கும் ஒட்டன்சத்திரத்துக்குமாக வாராவாரம்.

அவளுடைய மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ஏத்தா, பச்சப்புள்ள வாயில அதப் போயி வச்சு அடைப்பாகளா?" இன்னொரு பக்கம் நாத்தனார், யூடியூபில் பார்த்துவிட்டு, "இத வைக்கலன்னா புள்ள மூக்கு ஆயுசுக்கும் சப்பதான் அண்ணி, பாத்துக்கங்க" என்கிறார். நடுவில் பெற்றவள். அவளுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "ஆபரேஷன் செய்யப் போற டாக்டர்கிட்டயே நேரா கேளு. இந்தப் பிளவுக்குப் பிளேட் இல்லாம உங்களால நல்லா தைக்க முடியுமா, முடியாதா?"

கேட்டாள். முடியும் என்றார். பிளவின் இரண்டு ஓரத்தையும் நெருக்கிப் பிடிக்கிற மாதிரி உதட்டுக்கு மேல் பிளாஸ்டர் மட்டும் ஒட்டப் பழக்கிவிட்டார். அதுவும் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கும். பிளேட் அளவுக்கு மூக்கைத் தூக்காதுதான். ஆனால் வீட்டிலேயே செய்யலாம், மாதம் ஒரு தடவை போய்க் காட்டினால் போதும். உதட்டைத் தைக்கும்போதே மூக்கின் குருத்தெலும்பையும் இழுத்துச் சரி செய்கிற வழக்கம் இப்போது பல இடங்களில் இருக்கிறது. அப்படியும் கோணல் மிஞ்சினால், வளர்ச்சி முடிந்த வயதில் மூக்குக்குத் தனியாக ஒரு ஆபரேஷன் செய்துகொள்ளலாம். கதவு மூடிவிடுவதில்லை.

அந்தக் கதவு மூடிவிடும் என்று சொல்லித்தான் மூன்றாவது குடும்பத்தை, என் சொந்தக்காரர்களை, கலங்கடித்தார்கள். ஒரு தனியார் கிளினிக். 'இப்ப செய்யலன்னா அப்புறம் யாராலும் முடியாது' என்று சொல்லி முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டினார்கள். ஆறாவது வாரம் கன்னமெல்லாம் தோல் உரிந்து, ஈறில் புண் வந்து குழந்தை பால் குடிக்கவில்லை. எடை இறங்கியது. குழந்தை நல மருத்துவர் பார்த்துவிட்டு, முதலில் பிளேட்டைக் கழற்றி எடையைத் தேற்றுங்கள் என்றார். கன்னத்தில் புண் வருவதும் ஈறில் உறுத்துவதும் இந்தச் சிகிச்சையில் எதிர்பார்க்கக்கூடியவைதான், சமாளிக்க வழியும் உண்டு. ஆனால் அந்த வழியைச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை. கிளினிக்காரர் சொன்னது: "அம்மா சரியா மாட்டல." வீட்டிலும் அதையே பிடித்துக்கொண்டார்கள். குழந்தை பெற்று இரண்டு மாதம் ஆகாத பெண், ராத்திரியில் மூன்று தடவை எழுந்து பால் பிழிந்து ஊட்டுகிறவள், பிளாஸ்டர் ஒட்டத் தெரியாதவள் ஆகிவிட்டாள். எனக்கு இதில்தான் கோபம். பலன் வந்தால் டாக்டருக்குப் பேர், வராவிட்டால் அம்மா மேல் பழி என்கிற சிகிச்சையை, ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வீட்டில் உள்ள எல்லாரும் கூடிப் பேசித்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எடை என்று சொன்னேன். பிளேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் மூன்று மாதத்தின் வேலை எடைதான். உதட்டு ஆபரேஷனுக்குப் பழைய டாக்டர்கள் ஒரு வாய்பாடு வைத்திருந்தார்கள்: பத்து வாரம் வயது, பத்து பவுண்டு எடை (சுமார் நாலரைக் கிலோ), ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து. அண்ணத்தில் பிளவு இருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது, காற்று மூக்கு வழியாகப் போய்விடும். தாய்ப்பாலைப் பிழிந்து, குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையிலோ சங்கிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அழுத்தினால் பால் வருகிற மெத்தென்ற பாட்டிலும் கெட்டிப் பாட்டிலை விடச் சுலபம். அடிக்கடி தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க வேண்டும். பால் மூக்கு வழியாக வந்தால் பயப்பட வேண்டாம், நிமிர்த்திப் பிடித்துத் துடைத்துவிட்டுத் தொடரலாம். உதட்டில் மட்டும் பிளவு உள்ள குழந்தைகள் பல நேரம் மார்பிலேயே குடித்துவிடும். சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம், பெரியவர்கள் மன்னிக்கவும்.

இனி நான் சொல்ல உரிமை உள்ள இடத்துக்கு வருகிறேன், வகுப்பறை.

எங்கள் பள்ளியில் ஒரு பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். உதட்டில் மெல்லிய தழும்பு, பார்க்க லட்சணமான முகம். மூக்கு கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ட, ப, ம என்று எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ப என்று சொல்லச் சொன்னால் ம என்று வரும். ட என்றால் ண. 'படம்' என்று சொல்கிறான், எங்கள் காதில் 'மணம்' என்று விழுகிறது. வாயில் நிறுத்த வேண்டிய காற்று மேல்வாய் ஓட்டை வழியாக மூக்குக்குப் போய்விடுகிறது, குழந்தை என்ன செய்யும்? உதட்டை ஐந்தாம் மாதத்தில் இலவசமாகத் தைத்திருக்கிறார்கள். முகம் சரியாகிவிட்டது, பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று பெற்றோர் அத்தோடு நின்றுவிட்டார்கள். அண்ணம் திறந்தே கிடந்தது. மற்ற பிள்ளைகள் அவனை மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து அவன் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். கேள்வி கேட்டால் சிலேட்டில் எழுதிக் காட்டுவான். கணக்கில் முதல் ஆள்.

அந்த வருடம் பள்ளிக்கு வந்த ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் காட்டினேன். (பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வேன் வருமே, அந்தக் குழு. 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டம். பிளவு உதடும் அண்ணமும் அவர்கள் பட்டியலில் உண்டு.) மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். காதைப் பார்த்தபோது இரண்டு காதிலும் உள்ளே நீர் கோத்திருந்தது. அண்ணப் பிளவுள்ள குழந்தைகளுக்கு இது மிகச் சாதாரணமாம். பேச்சும் சரியில்லை, கேட்பதும் மந்தம். ஆறு வயதில் அண்ணத்தை மூடினார்கள். ஒன்றரை வயதுக்குள் செய்திருக்க வேண்டியது. அதன் பிறகும் மூக்கால் பேசும் பழக்கம் லேசில் போகவில்லை, இரண்டு வருடம் பேச்சுப் பயிற்சி. இப்போது ஐ.டி.ஐ. படிக்கிறான். போனில் பேசினால் 'டீச்சர்' என்பதில் ட கொஞ்சம் மூக்கில் ஏறும், அவ்வளவுதான்.

அண்ண ஆபரேஷனுக்கு நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிரிட்டன், டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பிரேசில் ஆகிய நாடுகளில் அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள, மற்றபடி ஆரோக்கியமான 558 குழந்தைகள். பாதிப் பேருக்கு ஆறு மாதத்தில் ஆபரேஷன், பாதிப் பேருக்கு ஒரு வயதில். ஐந்து வயதில் பேச்சைப் பார்த்தபோது, மூக்கு வழியாகக் காற்று கசிகிற குறை முதல் வகையில் 8.9 சதவீதம், இரண்டாம் வகையில் 15 சதவீதம். உதட்டிலும் பிளவு உள்ள குழந்தைக்கு வரிசை வேறு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஆறு மாதத் தாமதமே பேச்சில் தெரிகிறது என்றால், ஆறு வருடத் தாமதம் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பையனின் சிலேட்டைப் பார்த்தவள் நான்.

அதனால்தான் பிளேட்டைப் பற்றிக் கேட்டால் நான் அண்ணத்தைப் பற்றிப் பேசுகிறேன். மூக்கு கொஞ்சம் சாய்ந்த பிள்ளை வகுப்பில் கை தூக்கிப் பதில் சொல்லும். பேச வராத பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போய்விடும். முதல் நாலு மாதத்தில் கடனாளியாகி, அலைந்து சலித்து, 'போதும்டா சாமி' என்று உதட்டு ஆபரேஷனோடு நின்றுவிடுகிற குடும்பத்துக்குப் பிளேட் லாபமா நஷ்டமா? ஒட்டன்சத்திரத்துப் பெண்ணிடம் அந்த 24,000-ஐ அஞ்சலகத்தில் போட்டு வைக்கச் சொன்னேன். அண்ண ஆபரேஷன், காது டெஸ்ட், பேச்சுப் பயிற்சி, பிறகு எட்டு ஒன்பது வயதில் ஈறுக்கு எலும்பு வைக்கிற ஆபரேஷன் என்று வரிசையாக இருக்கிறது. ஆபரேஷன் இலவசமாகக் கிடைத்தாலும் பஸ்ஸுக்கும் கூலிக்கும் யார் தருவார்கள்?

இதைப் படித்துவிட்டு, டீச்சர் பிளேட் வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரட்டைப் பிளவு, மிக அகலமான பிளவு என்றால் டாக்டர் சொல்வதற்கு அதிக எடை கொடுங்கள். மையம் பக்கத்தில் இருந்து, வீட்டில் கை கொடுக்க ஆள் இருந்து, செலவு கட்டுப்படியானால் ஒரு பக்கப் பிளவுக்கும் தாராளமாக வைக்கலாம். ஆனால் பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருப்பதால் பதற்றத்தில் தலையாட்டிவிடாதீர்கள். எங்கள் குழந்தைக்கு இதனால் என்ன வித்தியாசம் வரும், வைக்காவிட்டால் உங்கள் ஆபரேஷனில் எதை மாற்றிச் செய்வீர்கள், எத்தனை தடவை வர வேண்டும், ராத்திரி பிளேட் கழன்றால் யாரைக் கூப்பிடுவது, நடுவில் நிறுத்தினால் ஏதாவது கெடுதலா, பிளாஸ்டர் மட்டும் போதுமா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்தில் குழந்தையை ஒப்படைக்கலாம். அண்ண ஆபரேஷன் எந்த மாதம் என்று அதே நாளில் கேட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்குங்கள்.

செலவுக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், அவர் ஆர்.பி.எஸ்.கே. குழுவுக்கு வழி காட்டுவார். ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு நிறுவனத்தோடு இணைந்த ஆஸ்பத்திரிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, அங்கே ஆபரேஷன் இலவசம். பிளேட்டுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் உதவி உண்டா என்று அங்கேயே தனியாகக் கேட்க வேண்டும், இடத்துக்கு இடம் மாறுகிறது.

கமெண்ட்டில் குழந்தையின் போட்டோவைப் போடாதீர்கள், நாளைக்கு அந்தப் பிள்ளையே வளர்ந்து வந்து பார்க்கும். கேட்க வேண்டியது இருந்தால் தனியாக மெசேஜ் அனுப்புங்கள். போன் என்றால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல். காலையில் தோட்டத்தில் இருப்பேன், மணி அடிப்பது கேட்காது.